பழைய காரின் அடியில் துரு: ஓட்டலாமா, ஒட்டலாமா, உடைக்கக் கொடுக்கலாமா?

பதினைந்து வருஷம் தாண்டிய காரை வைத்திருப்பவர்கள் எஞ்சினைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். எஞ்சின் போனால் வேறு எஞ்சின் கிடைக்கும், கியர் பாக்ஸ் போனால் சென்னை புதுப்பேட்டைப் பழைய பார்ட்ஸ் கடைகளில் இன்னொன்று கிடைக்கும். உடம்பு போனால்தான் சிக்கல். மாருதி 800, ஆம்னி, ஜென், எஸ்டீம், பழைய சான்ட்ரோ, இண்டிகா, அம்பாசிடர் என்று இன்னும் வீட்டு வாசலில் நிற்கிற, இன்னும் தினமும் ஓடுகிற வண்டிகளுக்கான கேள்வி பதில் இது.

கதவின் அடி ஓரத்தில் துரு வந்திருக்கிறது. ஆபத்தா?

இல்லை. கதவு, பானட், டிக்கி மூடி, முன் ஃபெண்டர் எல்லாம் போல்ட்டைக் கழற்றினால் தனியாக வந்துவிடும். அதில் ஓட்டை விழுந்தால் பார்க்க அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஒரு விஷயம். கதவின் அடியில் தண்ணீர் வடிகிற சின்னத் துளைகள் இருக்கும், அவை மண்ணால் அடைத்துக்கொண்டதால்தான் கதவு உள்ளிருந்து அரித்திருக்கும். அதே மண்ணும் தண்ணீரும் கீழே ரன்னிங் போர்டு என்கிற மூடிய பெட்டிக்குள்ளும் போயிருக்கும். அதனால் கதவைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம், கதவுக்குக் கீழே குனிந்து பாருங்கள்.

அப்போ எந்தத் துரு ஆபத்து?

இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மீதிக் கேள்விகள் பாதி தீர்ந்துவிடும். துரு எவ்வளவு பெரியது என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். சீட், பெல்ட் போல்ட்டுகளுக்கு எட்டத்தில் ஃப்ளோர் நடுவே கைக்குட்டை அளவு ஓட்டை இருந்தாலும் அவசரமில்லாமல் சரி செய்துகொள்ளலாம். முன் சக்கரத்தின் ஸ்பிரிங்கும் ஷாக்கப்சரும் சேர்ந்த ஸ்ட்ரட் மேலே போய்ப் பிடிக்கிற ஏப்ரனில், அதாவது எஞ்சின் அறையின் பக்கத் தகட்டில், விரல் நகம் அளவு பிளவு தெரிந்தால் வண்டியை அன்றைக்கே நிறுத்த வேண்டும்.

எடை ஏறுகிற இடங்கள் இவை: முன்னால் ஸ்ட்ரட் டவர் என்கிற ஏப்ரன் மேல்பகுதி, சக்கரத்தைக் கீழே உடம்போடு சேர்க்கிற லோயர் ஆர்மைப் பிடிக்கிற பிராக்கெட், ஸ்டியரிங் பாக்ஸ் உட்காருகிற கிராஸ் மெம்பர் என்கிற குறுக்குச் சட்டம், எஞ்சினின் இரண்டு பக்கமும் முன்னால் நீள்கிற பெட்டி வடிவ சட்டம். நடுவில் ரன்னிங் போர்டு, சீட் போல்ட்டுகள் இறங்குகிற இடம். பின்னால் ஆக்ஸிலைப் பிடிக்கிற பிராக்கெட்டுகள், ஷாக்கப்சர் மேல் முனை. எல்லாரும் மறந்துவிடுகிற ஒன்று சீட் பெல்ட். பல கார்களில் முன் சீட் பெல்ட்டின் சுருள், கதவுகளுக்கு இடையே நிற்கிற தூணின் அடியில், ரன்னிங் போர்டுக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. அந்தத் தூணின் கால் அரித்துப்போயிருந்தால் நீங்கள் பெல்ட் போட்டிருக்கிறீர்கள் என்பதற்கு அர்த்தமே இல்லை.

இங்கிலாந்தில் கார்களுக்கு வருஷாவருஷம் நடக்கும் எம்.ஓ.டி. பரிசோதனையில் ஒரு கணக்கு உண்டு. சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக், சீட் பெல்ட் இவை உடம்போடு சேருகிற இடத்திலிருந்து 30 செ.மீ.க்குள் தகடு பலமிழக்கும் அளவுக்கு அரித்திருந்தால் வண்டி தேறாது. நம்மூர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் இப்படி ஸ்கேல் வைத்து அளப்பதில்லை, ஆனால் நாமே வைத்துக்கொள்ள நல்ல கணக்கு. ஒரு சாண் 22, 23 செ.மீ. வரும், ஒன்றே கால் சாணுக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரன்னிங் போர்டு என்ன, கால் வைத்து ஏறுகிற படிதானே?

ஜீப்பில், ஸ்கார்பியோவில் படி. காரில் அது படி இல்லை. கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடுகிற மூடிய பெட்டி அது. சேஸிஸ் என்று தனியாக ஒன்று இல்லாத கார்களில், அதாவது மோனோகாக் என்று சொல்கிற எல்லாவற்றிலும், முன்பாதியையும் பின்பாதியையும் வளையாமல் சேர்த்துப் பிடிப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். அம்பாசிடரைப் பார்த்து 'இதெல்லாம் பழைய காலத்துச் சேஸிஸ் வண்டி' என்று நினைப்பவர்கள் நிறைய. அதுவும் மோனோகாக்தான், தகடு மட்டும் தடி.

டாடா சுமோ, குவாலிஸ், பொலேரோவுக்கு இந்தக் கவலை இல்லையா?

உண்டு, இடம்தான் வேறு. அவற்றில் ஏணி மாதிரி ஒரு சேஸிஸ் கீழே தனியாக இருக்கிறது, பாடி அதன்மேல் ரப்பர் புஷ் வைத்து போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது. பாடி ஃப்ளோர் அரித்தாலும் சேஸிஸ் நன்றாக இருந்தால் வண்டி தாங்கும். ஆனால் சேஸிஸ் அரித்தால் ஒட்டுப்போட்டுச் சமாளிப்பது காரைவிடக் கஷ்டம். பின் சக்கரத்துக்கு மேலே சேஸிஸ் வளைந்து ஏறுகிற இடம், பட்டை ஸ்பிரிங்கின் முனையைப் பிடிக்கிற சேக்கிள் மாட்டியிருக்கிற இடம், இரண்டு தகடு ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கிற இடம், இந்த மூன்றையும் பாருங்கள். இரண்டு தகடுக்கு நடுவே துரு வளர்ந்தால் அது தகட்டையே பிதுக்கித் தள்ளும், ஏனென்றால் துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும்.

வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

ஒரு பழைய ஸ்குரூ டிரைவர், சின்னச் சுத்தி, டார்ச், துணி சுற்றிய காந்தம். இது போதும். முதலில் கார்ப்பெட்டைத் தூக்குங்கள். முன் பக்கத்து இரண்டு கால் வைக்கிற இடமும் ஈரமாக இருக்கிறதா, அடியில் ஒட்டியிருக்கிற கறுப்புத் தார்த் தகடு மேலே எழும்பி நிற்கிறதா பாருங்கள். எழும்பியிருந்தால் அதன் கீழே துரு இருக்கிறது. ஓரத்தைப் பிய்த்தால் பழுப்புச் செதில் செதிலாகக் கையில் வரும்.

அப்புறம் கீழே. வெறும் ஜாக்கியில் தூக்கி நிறுத்திய வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள், துருப்பிடித்த வண்டிக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும், ஜாக்கி பாயின்ட்டே உள்ளே போய்விடும். சர்வீஸ் ஸ்டேஷனில் லிஃப்டில் ஏற்றச் சொல்லிப் பாருங்கள். ரன்னிங் போர்டை முன்னிருந்து பின்னாக, சுத்தியின் பின்முனையால் லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு 'டங்' என்று திருப்பிச் சொல்லும். அரித்த இடம் 'பொத்' என்று அமுங்கும், உள்ளே செதில் சரசரவென்று உதிர்கிற சத்தம் கேட்கும். அந்த இடத்தில் ஸ்குரூ டிரைவரை வைத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். உள்ளே போனால் அது தகடு இல்லை, பெயின்ட்டும் பட்டியும்தான். ஓட்டை போட்டுவிட்டோமே என்று வருத்தப்பட வேண்டாம், ஓட்டை ஏற்கெனவே இருந்தது.

காந்தம் எதற்கென்றால், பட்டி தடிமனாகப் பூசிய இடத்தில், ஃபைபர் வைத்து மூடிய இடத்தில் அது ஒட்டாது. செல்போனில் மாட்டிப் பார்க்கிற மெல்லிய பாம்புக் கேமரா ஆன்லைனில் மலிவாகவே கிடைக்கிறது, ரன்னிங் போர்டில் இருக்கிற ரப்பர் மூடியைக் கழற்றி அதை உள்ளே விட்டால் வெளியே பளபளக்கிற வண்டியின் உண்மை நிலவரம் தெரிந்துவிடும்.

இன்னொரு சோதனைக்குக் கருவியே வேண்டாம். சமதளத்தில் முன் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். அப்புறம் அந்தப் பக்கம் ஜாக்கியில் சற்றே தூக்கி மறுபடி மூடிப் பாருங்கள். முதலில் சரியாக மூடிய கதவு இப்போது பூட்டில் இடிக்கிறது, அல்லது கதவுக்கும் தூணுக்கும் இடைவெளி மேலே ஒரு அளவு கீழே ஒரு அளவு என்றால் உடம்பு வளைகிறது.

வண்டி ஓட்டும்போதே ஏதாவது அறிகுறி தெரியுமா?

தெரியும், ஆனால் எல்லாரும் அதை வேறு எதற்கோ கணக்கெழுதிவிடுகிறார்கள். அலைன்மென்ட் பார்த்துவிட்டு வந்த அடுத்த வாரமே வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது. புது டயர் உள்பக்கம் மட்டும் தேய்கிறது. ஸ்பீடு பிரேக்கரில் இறங்கும்போது 'டொக்' என்று சத்தம், லோயர் ஆர்ம் புஷ் மாற்றியும் போகவில்லை. யாரும் கல் எறியாமலே முன் கண்ணாடி ஓரத்திலிருந்து விரிசல் விடுகிறது. இவற்றில் ஒன்று இருந்தால் புஷ், டயர் என்றே பார்க்கலாம். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் ஏப்ரனைப் பாருங்கள்.

ஒரே வயசு வண்டி, பக்கத்து வீட்டுக்காரருடையது நன்றாக இருக்கிறது, என்னுடையது மட்டும் ஏன் இப்படி?

தண்ணீர் எங்கே தங்கியது என்பதுதான் வித்தியாசம். தகடு நனைவது பிரச்சினையில்லை, நனைந்தது காயாமல் இருப்பதுதான் பிரச்சினை. நம் ஊரில் அதிகம் நடப்பது ஏசியால். டேஷ்போர்டுக்குள் இருக்கிற கூலிங் காயிலிலிருந்து வடிகிற தண்ணீர் ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாக வெளியே போக வேண்டும், அது தூசியால் அடைத்துக்கொண்டால் முன் சீட் பக்கத்துக் கார்ப்பெட்டுக்கு அடியில் போய்த் தேங்கும். மேலே ரப்பர் மேட் வேறு போட்டு மூடியிருப்போம். வெயில் காலம் முழுக்க ஏசி போட்டு ஓட்டியதில் ஃப்ளோர் அரித்துப்போன வண்டிகள் மழையில் நின்றதைவிட அதிகம் இருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து முன் கண்ணாடி. கண்ணாடி மாற்றும்போது ஓரத்தில் பெயின்ட்டைக் கீறிவிட்டு அப்படியே ரப்பரை மாட்டிவிட்டால் மூலையில் துரு ஆரம்பித்து உள்ளே ஒழுகும். அப்புறம் பேட்டரி. பேட்டரித் தட்டிலிருந்து ஆசிட் கசிந்து ஏப்ரனில் இறங்குகிறது, வெள்ளையாகப் பூத்திருப்பதைத் துடைத்துவிட்டு விட்டுவிடுகிறோம், கீழே தகடு தின்னப்படுகிறது.

மரத்தடியில் நிறுத்துபவர்கள் பானட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்று போக இருக்கிற சல்லடையில் விழுகிற இலையை எடுக்க வேண்டும். வேப்பம்பூக் காலத்தில் அது ஒரு வாரத்தில் நிறைந்துவிடும்.

கடற்கரைப் பக்கம் இருப்பதால்தானா?

அதுவும்தான். உப்பு தானாக இரும்பைத் தின்பதில்லை. காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அந்த ஈரத்தில் மின்னோட்டம் சுலபமாக ஓட வழி செய்யும், மேலே படிகிற காப்புப் படலத்தையும் உடைத்துக்கொண்டே இருக்கும். எண்ணூர், திருவான்மியூர், நாகப்பட்டினம், ராமேஸ்வரம், உப்பளம் சூழ்ந்த தூத்துக்குடி, இங்கெல்லாம் ஓடிய வண்டியும் கோயம்புத்தூரில் ஓடிய வண்டியும் ஒரே வருஷத்து மாடலாக இருந்தாலும் ஒரே வண்டி இல்லை. மீன் லோடு ஏற்றிய ஆம்னியை வாங்கவே வாங்காதீர்கள். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் ஃப்ளோர் மடிப்புகளுக்குள் இறங்கியிருக்கும், வாடை போகக் கழுவியிருப்பார்கள், உப்பு போயிருக்காது.

தெரிந்த பிறகும் கொஞ்ச நாள் ஓட்டலாமா?

மேலே சொன்ன எடை ஏறுகிற இடங்களில் ஸ்குரூ டிரைவர் உள்ளே போனால் ஓட்டக் கூடாது, ஒர்க்‌ஷாப்புக்குக்கூட ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். 'மெதுவாகப் போனால் போதாதா' என்று கேட்பார்கள். லோயர் ஆர்ம் பிராக்கெட் பிய்த்துக்கொண்டு வருவது வேகத்தால் மட்டுமல்ல, பிரேக் அழுத்தும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் வருகிற இழுப்பால். பிய்த்துக்கொண்டால் சக்கரம் மடங்கி ஸ்டியரிங் உங்கள் பேச்சைக் கேட்காது.

மற்ற இடங்களில் மேல் துரு மட்டும் என்றால் தாராளமாக ஓட்டலாம், மழைக்காலத்துக்கு முன் சரி பண்ணிவிடுங்கள்.

தகடு வேலை செய்கிற டிங்கர் ஒட்டுப்போட்டால் போதும் என்கிறார், இன்னொருவர் பேனலையே மாற்றணும் என்கிறார். யாரை நம்புவது?

ஒட்டு தப்பில்லை. எப்படிப் போடுகிறார் என்பதுதான் விஷயம். அரித்த தகட்டை நல்ல தகடு வருகிற வரை வெட்டி எறிந்துவிட்டு, அதே தடிமனில் புதுத் தகடு வைத்துச் சுற்றிலும் இடைவிடாமல் வெல்டு வைத்தால் அது நல்ல ஒட்டு. துருவின்மேலேயே தகட்டைப் போர்த்தி நாலு மூலையில் மட்டும் புள்ளி புள்ளியாக வெல்டு வைத்துப் பட்டி பூசிப் பெயின்ட் அடித்தால், உள்ளே ஈரத்தைப் பூட்டிவைத்திருக்கிறார் என்று அர்த்தம், இன்னும் வேகமாக அரிக்கும். எம்.ஓ.டி.யிலும் எடை தாங்குகிற இடத்து ஒட்டுக்குச் சுற்றிலும் தொடர் வெல்டு கேட்கிறார்கள், பட்டியும் ஃபைபரும் செல்லாது.

பேனல் முழுசாகக் கிடைத்தால், ரன்னிங் போர்டு வெளித்தகடு மாதிரி, அதை மாற்றுவதே மேல். ஆனால் வெளித்தகடு மட்டும் மாற்றுவதில் ஒரு ஏமாற்று உண்டு. அந்தப் பெட்டிக்குள் இன்னொரு தகடு இருக்கிறது, வெளித்தகட்டை வெட்டியதும் உங்களைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். உள்தகடு பழுப்புச் சல்லடையாக இருக்கும்போது மேலே புதுசு வைத்து மூடுவது கதவைச் சாத்திவிட்டு வீடு சுத்தம் என்று சொல்வது மாதிரி. புதுப்பேட்டையில் வெட்டி எடுத்த ஏப்ரன், ஃப்ளோர் கிடைக்கும், வாங்குவதற்கு முன் அதையும் தட்டிப் பாருங்கள், துருவுக்குத் துரு மாற்றாக வேண்டாம்.

வேலை கொடுக்கும்போது என்ன கேட்க வேண்டும்?

முதல் கேள்வி, கேஸ் வெல்டிங்கா, மின்சாரத்தில் கம்பியை உருக்கி வைக்கிற சிஓ2 வெல்டிங்கா. கேஸில் தீ பெரிய இடத்தைச் சுட வைக்கும், மெல்லிய தகடு நெளியும், சுற்றியிருக்கிற பெயின்ட் எரிந்து அடுத்த துருவுக்கு இடம் ரெடியாகும். சிஓ2தான் வேண்டும், அதிலும் ஒரே இழுப்பாக இழுக்காமல் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் வைத்து ஆறவிட்டுச் சேர்க்க வேண்டும். கம்பெனி புள்ளி வெல்டு வைத்திருந்த இடத்தில் மேல்தகட்டில் துளை போட்டு அதை வெல்டால் நிரப்பச் சொல்லுங்கள்.

இரண்டாவது, தகடு எத்தனை கேஜ். ஃப்ளோருக்கு 20 கேஜ், அதாவது 0.9 மி.மீ. ஒத்துவரும். சட்டங்களுக்கு 18 கேஜ், 1.2 மி.மீ., அல்லது அதைவிடத் தடி. பழைய எண்ணெய் டின்னை வெட்டி ஒட்டுகிற கலாச்சாரம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது, கண் முன்னால் தகட்டைப் பாருங்கள்.

மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ரன்னிங் போர்டை வெட்டும்போது வண்டியை எதில் நிறுத்துவீர்கள்? நடுவில் இருக்கிற பலத்தை வெட்டி எடுத்துவிட்டு, வண்டியை இரண்டு முனையில் மட்டும் தாங்க விட்டால் நடு தொய்யும். தொய்ந்த நிலையிலேயே புதுத் தகட்டை வெல்டு வைத்துவிட்டால் அந்தத் தொய்வு நிரந்தரம், கதவு ஆயுசுக்கும் சரியாக மூடாது. சமமாக நாலைந்து இடத்தில் ஸ்டாண்டு கொடுத்து, கதவு வாசலுக்குக் குறுக்கே ஒரு இரும்புக் குழாயைத் தற்காலிகமாக வைத்து, ஒரு பக்கம் முடித்துவிட்டுத்தான் மறுபக்கம் வெட்ட வேண்டும். இதைக் கேட்டதும் டிங்கர் உங்களைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பார், அல்லது எரிச்சலாகப் பார்ப்பார். இரண்டுமே உங்களுக்குப் பதில்தான்.

வெல்டுக்கு முன் பேட்டரியைக் கழற்றியிருக்கணும், கார்ப்பெட், சீட், வயரிங் விலக்கியிருக்கணும், பக்கத்தில் ஓடுகிற பெட்ரோல் குழாயையும் டாங்கையும் கழற்றியிருக்கணும். எல்.பி.ஜி. கிட் இருந்தால் சிலிண்டர் வண்டியிலேயே இருக்கக் கூடாது. உள்ளே மறந்துபோன பஞ்சும் தாரும் புகைய ஆரம்பித்தாலே ஒர்க்‌ஷாப்பில் கார் எரிந்துவிடலாம்.

செலவு எவ்வளவு ஆகும்?

வெட்டிப் பார்க்காமல் யார் சொன்னாலும் அது குத்துமதிப்புதான். தகட்டின் விலை ஒன்றுமில்லை, கூலிதான் செலவு. அதனால் மொத்தமாக ஒரு தொகை பேசாமல், கழற்றி மாட்ட எவ்வளவு, வெல்டிங் எவ்வளவு, சீலர், பெயின்ட் எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். உள்ளே கூடுதலாக அரித்திருந்தால் எந்தக் கணக்கில் ஏறும் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள், பாதி வெட்டிய வண்டியை வைத்துக்கொண்டு பேரம் பேச முடியாது.

அண்டர்பாடி கோட்டிங் அடித்தால் துரு நின்றுவிடுமா?

புது வண்டிக்கு, காய்ந்து சுத்தமாக இருக்கிற தகட்டுக்கு, நல்லது. துருப்பிடித்த தகட்டின்மேல் அந்தக் கறுப்புப் பூச்சை அடித்தால் துரு நிற்காது, கண்ணுக்குத்தான் தெரியாது. பழைய கார் விற்பவர்கள் அடியில் புதுசாகக் கறுப்பு அடித்து வைத்திருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

வெல்டு முடிந்த பிறகு வரிசை இப்படி: வெல்டைத் தேய்த்துச் சுத்தம் பண்ணி, துத்தநாகம் கலந்த பிரைமர், தகடுகள் சேருகிற இடத்தில் சீலர், பெயின்ட், காய்ந்த பிறகு கீழே கோட்டிங். பெட்டி மாதிரி மூடிய இடங்களுக்குள் நீளக் குழாய் வைத்து மெழுகு ஸ்ப்ரே அடிக்க வேண்டும், இதைத்தான் நம் ஊரில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். வெல்டு உள்பக்கம் பெயின்ட்டை எரித்திருக்கும், அங்கே பிரஷ் எட்டாது, மெழுகு மட்டும்தான் எட்டும். அடிக்கும்போது வடிகால் துளைகளை அடைத்துவிட வேண்டாம்.

ரஸ்ட் கன்வெர்ட்டர் பற்றியும் கேட்கிறார்கள். மேல் துருவுக்குச் சரி. அதிலிருக்கிற பாஸ்பாரிக் அமிலமோ டானினோ துருவை நிலையான கறுப்புப் படலமாக மாற்றும், போன இரும்பைத் திருப்பிக் கொண்டுவராது.

பழைய எஞ்சின் ஆயிலை ரன்னிங் போர்டுக்குள் ஊற்றினால் போதும் என்று எங்கள் ஊர் மெக்கானிக் சொல்கிறாரே?

காலங்காலமாகச் செய்கிற வேலை, துருவைக் கொஞ்சம் தள்ளிப்போடும் என்பதும் உண்மைதான். ஆனால் அழுக்கு ஆயில் ரப்பரைக் கெடுக்கும், தூசியைப் பிடித்து வடிகாலை அடைக்கும், வீட்டு வாசலெல்லாம் சொட்டும். பிற்காலத்தில் அந்த இடத்தில் வெல்டு வைக்கப் போகிறவர் தீயோடு விளையாட வேண்டியிருக்கும். மெழுகு ஸ்ப்ரே வாங்குங்கள்.

இப்படி ஒட்டுப்போட்டால் ஆர்.சி. புதுப்பிக்கும்போது பிரச்சினை வருமா?

அரித்த தகட்டை அதே வடிவில் சரி செய்வது ரிப்பேர், மாற்றம் இல்லை. சேஸிஸ் நம்பர் அடித்திருக்கிற தகட்டில் மட்டும் கை வைக்கக் கூடாது. அந்த இடம் அரித்து எழுத்து அழிகிற நிலையில் இருந்தால் வெட்டுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். நம்பரை வேறு தகட்டிலிருந்து வெட்டி ஒட்டினால் திருட்டு வண்டிக்குச் செய்கிற வேலைக்கும் உங்கள் வேலைக்கும் வித்தியாசம் காட்ட முடியாது. வெட்டும் முன்னும் பின்னும் போட்டோ, பில் எல்லாம் எடுத்து வைத்திருங்கள்.

சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருஷம், அப்புறம் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பம் படிவம் 25, முடிகிற தேதிக்கு முந்தைய 60 நாளுக்குள் கொடுக்கலாம். 2022 ஏப்ரல் 1 முதல் 15 வருஷம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது, தாமதமானால் மாதம் 500 கூடுதல். 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டியவற்றுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி இதற்குமேல் தனி. டெல்லி மாதிரி 15 வருஷப் பெட்ரோல் வண்டிக்குத் தடை இங்கே இல்லை.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று கொடுத்துவிட்டார் என்பதற்காக அடிப்பகுதி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். மைதானத்தில் நிற்கிற வண்டியைச் சுற்றிவந்து பார்ப்பவருக்கு மூடிய பெட்டிக்குள் இருப்பது தெரியாது.

இன்சூரன்சில் வருமா?

வராது. தேய்மானம் விலக்கு. விபத்தில் அடிபட்டு அதே இடம் உடைந்தாலும், 10 வருஷம் தாண்டிய வண்டியின் இரும்புப் பாகங்களுக்குப் பாதி விலையைக் கழித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள்.

துரு வருகிற மாதிரி செய்தது கம்பெனி தப்புதானே, கேட்க முடியாதா?

அமெரிக்காவில் கேட்டார்கள், கிடைத்தது. டொயோட்டா டகோமா பிக்கப்பின் சேஸிஸ் அரித்து ஓட்டை விழுந்த விவகாரத்தில், 2008ல் 1995 முதல் 2000 வரையிலான மாடல்களுக்கு 15 வருஷம் வரை பொறுப்பேற்பதாகக் கம்பெனி அறிவித்தது. மோசமானவற்றைச் சந்தை விலையைப்போல் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கியது. பிந்தைய மாடல்களுக்காக 2016ல் சுமார் 15 லட்சம் வண்டிகளுக்கு 340 கோடி டாலர் வரை ஆகக்கூடிய சமரசத்துக்கு ஒத்துக்கொண்டது.

இங்கே வழி குறுகல். 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம் அரசுக்கு வந்தது, 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது, ஆனால் ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். நுகர்வோர் வழக்குக்கும் இரண்டு வருஷக் கெடு. பழைய வண்டிக்காரர்கள் தங்கள் கைக்காசைத்தான் நம்ப வேண்டும்.

இந்த நிலையில் விற்றுவிடலாமா?

விற்கலாம், துருவைக் காட்டிச் சொல்லி விற்கலாம். பட்டி பூசி மறைத்து, குழந்தை குட்டியோடு ஓட்டப்போகிற ஒருவர் தலையில் கட்டுவது வேறு விஷயம். விலை குறையும், குறையட்டும்.

வாங்குபவராக இருந்தால் ஒன்று: 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகள் பல கை மாறி வெளியூர்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சுருளுக்குள் இருந்த பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். சீட் தண்டவாளத்தின் அடியில் துரு, டாஷ்போர்டு ஸ்குரூக்களில் துரு இருந்தால் தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது.

எப்போது போதும் என்று விட்டுவிட வேண்டும்?

இரண்டு பக்க ரன்னிங் போர்டும், ஏப்ரனும், பின் பிராக்கெட்டுகளும் ஒரே சமயத்தில் போயிருந்தால் விட்டுவிடலாம். ஏனென்றால் அப்போது புதுத் தகட்டை எதோடு வெல்டு வைப்பது என்பதே கேள்வி. நல்ல இரும்பு கிடைக்கிற வரை வெட்டிக்கொண்டே போனால் மிஞ்சுவது கூரையும் ஆர்.சி. புத்தகமும். வண்டியின் விலையைவிட ரிப்பேர் அதிகம் என்பதை மட்டும் நான் காரணமாக ஏற்கமாட்டேன். ஒரு பக்கம் மட்டும் போயிருக்கிறது, எஞ்சின் நன்றாக இருக்கிறது, அப்பா வாங்கிய வண்டி என்றால் 40,000 ரூபாய் வண்டிக்கு 50,000 செலவழிப்பது உங்கள் இஷ்டம், அந்தக் காசுக்கு வேறு நல்ல பழைய வண்டி கிடைத்தாலும் அதன் அடியில் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

உடைக்கக் கொடுக்கும்போது என்ன கவனிக்கணும்?

தெருமுனை இரும்புக் கடையில் எடைக்குப் போடாதீர்கள், ஆர்.சி. உங்கள் பெயரிலேயே உயிரோடு இருக்கும், அந்த நம்பர் எங்கே போய் எதில் மாட்டும் என்று சொல்ல முடியாது. 2021 விதிகளின்படி பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையங்களில் கொடுங்கள், அவர்கள் வைப்புச் சான்றிதழ் ஒன்று தருவார்கள். அதை வைத்துப் புது வண்டி வாங்கும்போது சாலை வரியில் சலுகை கேட்கலாம், உச்சவரம்பு 25 சதவீதம், எவ்வளவு என்பது மாநிலத்தைப் பொறுத்தது. கொடுப்பதற்கு முன் நல்ல பேட்டரி, டயர், ஸ்டீரியோவைக் கழற்றி விற்றுக்கொள்ளலாம், விலையில் அதற்கேற்பக் குறைப்பார்கள், முதலிலேயே பேசிவிடுங்கள். ஆர்.சி. ரத்தான கடிதம் கைக்கு வரும்வரை இன்சூரன்சை நிறுத்த வேண்டாம், வந்ததும் அதையும் ஃபாஸ்டேகையும் மூடிவிடுங்கள்.